பழைய காருக்கு எந்த ரேடியேட்டர் ஃபேன் சரிவரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னை வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளை இன்னும் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. என்னிடம் இருப்பது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசிடர். அதனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். முன்பக்கம் ரேடியேட்டர், அதன் பின்னால் வாட்டர் பம்ப் முனையில் பெல்ட்டால் சுற்றும் ஃபேன் என்று அமைந்த எந்தப் பழைய வண்டிக்கும் இதே கணக்குதான்.

வண்டி ஹீட் ஆகிறது. ஃபேனை மாற்றினால் சரியாகிவிடுமா?

எப்போது ஹீட் ஆகிறது என்று முதலில் சொல்லுங்கள். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி நகர்ந்து வேகம் எடுத்ததும் இறங்கிவிடுகிறதா? அப்படியானால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை, ஃபேனைப் பற்றிப் பேசலாம். 70 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது ஏறுகிறதா? அங்கே ஃபேனுக்கு வேலையே கிடையாது. கிரில் வழியாக வருகிற காற்று எந்த ஃபேனும் இழுக்கும் காற்றைவிட அதிகம். அப்படியும் ஹீட் ஆகிறதென்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறது, அல்லது இன்ஜினே தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. அந்த வண்டிக்கு ஐயாயிரம் ரூபாய் ஃபேன் மாட்டினாலும் பலன் இருக்காது.

ஸ்டார்ட் செய்து ஐந்தே நிமிடத்தில் கொதித்து, ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாக வந்தால் இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலிருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஃபேன் கடைக்குப் போக வேண்டாம்.

ஃபேனைத் தொடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் பம்பும் ஃபேனும் சேர்ந்தே வழுக்கும். பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தால் அதை மாற்றிவிடுங்கள்.

அடுத்து ரேடியேட்டர். வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியை ரேடியேட்டர் முகத்தில் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் நகர்த்திப் பாருங்கள். மேலே சூடு அதிகம், கீழே குறைவு என்று சீராக இறங்க வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது சர்வசாதாரணம். நம் வீட்டுக் கெட்டிலின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்புதான் உள்ளேயும் படிந்திருக்கும். பித்தளை ரேடியேட்டராக இருந்தால் கவலை வேண்டாம். கடையில் டேங்கைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஈயம் வைத்துத் தருவார்கள். குழாய்கள் இற்றுப்போயிருந்தால் ‘கோர்’ எனப்படும் நடுக் குழாய்ப் பகுதியை மட்டும் புதிதாக மாற்றலாம்.

ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு இன்ஜின் பிளாக்கை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. என் வண்டியை வாங்கிய புதிதில் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தக் குத்த, முதலில் துருக்கட்டி, அப்புறம் செங்காவி நிறத்தில் சேறு, கடைசியில்தான் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அந்தச் சேறு முழுக்க நான்காவது சிலிண்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அதைக் கழுவி வெளியேற்றியதும் சிக்னல்களில் முள் ஏறுவது பாதியாகக் குறைந்தது. ஃபேனில் நான் கையே வைக்கவில்லை.

மற்றவை சீக்கிரம் முடியும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டிப்பட்டு அழுத்தம் தாங்காமல் இருக்கலாம். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தால் சூடு அதிகமாகும். கார்புரேட்டர் கலவை மெலிந்திருந்தாலும் அப்படித்தான். ரேடியேட்டருக்கு முன்னால் கூடுதல் ஹாரனும் விளக்கும் நம்பர் பிளேட்டும் வரிசையாக மாட்டியிருந்தால் அவற்றை ஓரமாக நகர்த்துங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் போதும் என்கிறாரே மெக்கானிக்?

வேண்டாம். தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று சொல்லிச் சொல்லியே பல வண்டிகளில் காணாமல் போய்விட்டது. 82 டிகிரியில் திறக்கும் நல்ல தெர்மோஸ்டாட், திறந்த பிறகு தண்ணீரைத் தடுப்பதில்லை. அது இல்லாத இன்ஜின் காலையில் சூடாக அதிக நேரம் எடுக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாமல் எலக்ட்ரிக் ஃபேன் போட்டால், சூட்டைப் பார்த்து அதை ஓடவிடும் சென்சார் எந்தச் சூட்டை நம்பி வேலை செய்வது என்பதே குழப்பமாகிவிடும்.

கம்பெனியில் வந்த ஃபேனையே வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. என் முதல் ஆலோசனையும் அதுதான். பெல்ட் சுற்றுகிறவரை அது சுற்றும். ஃபியூஸ் போகாது, ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொள்ளாது.

அதன் குறை என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபேன் தள்ளும் காற்று அதன் வேகத்தைப் பொறுத்து நேராகக் கூடும். ஆனால் அதைச் சுற்ற இன்ஜின் செலவழிக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். வண்டி நிற்கும்போது ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 சுற்று, நெடுஞ்சாலையில் 2800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 4 மடங்கு, காற்றும் 4 மடங்கு. சக்தியோ 4 பெருக்கல் 4 பெருக்கல் 4, அதாவது 64 மடங்கு. காற்று தேவையே இல்லாத நெடுஞ்சாலையில் ஃபேன் உயிரைக் கொடுத்துச் சுற்றுகிறது. காற்று மிகவும் தேவைப்படுகிற சிக்னலில் சோம்பிக் கிடக்கிறது. பெல்ட் ஃபேனின் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

இந்த வண்டிகளை வடிவமைத்த காலத்தில் அண்ணா சாலையில் இப்படி அரை மணி நேரம் ஊர்ந்துகொண்டு நிற்க நேரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் கிராமத்துச் சாலையில் ஓடும் அம்பாசிடருக்கு ஒரு தொல்லையும் இல்லை, நகரத்தில் ஓடுகிற அதே வண்டிக்குத் துணைக்கு ஒரு ஃபேன் தேவைப்படுகிறது.

பழைய இரும்பு ஃபேன் பாதுகாப்பானதா?

பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நாற்பது ஐம்பது வருடம் சுற்றிய இரும்பில் களைப்பு விரிசல் வரும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இறக்கையின் நுனியில் ஆரம்பிக்காது. நடுத்தகட்டோடு இறக்கை சேரும் ரிவெட்டைச் சுற்றி முடி போல ஒரு கோடு ஓடும். அந்த இடத்தில் பவுடர் போலச் செந்துரு கசிந்திருந்தால் ரிவெட் ஆடுகிறது என்று பொருள். வெல்டிங் வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். ஓடுகிற இன்ஜினில் இறக்கை பிய்த்துக்கொண்டால் ரேடியேட்டரைக் கிழிக்கும், பானெட்டைத் துளைக்கும். பக்கத்தில் ஆள் நின்றால் நினைத்துப் பார்க்கவே முடியாது. அதனால்தான் பானெட்டைத் திறந்து வைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது ஃபேனுக்கு நேர்ப்பக்கத்தில் நிற்கவே கூடாது என்று நான் வலியுறுத்திச் சொல்வேன்.

வளைந்த இறக்கையைக் கையால் நிமிர்த்திவிட்டால் பேலன்ஸ் போகும். அந்த அதிர்வு முழுவதும் வாட்டர் பம்பின் பேரிங்கில்தான் இறங்கும்.

ஃபேனைத் திருப்பி மாட்டினால் காற்று எதிர்ப்பக்கம் போகுமா?

போகாது. பலர் தப்பாக நினைக்கும் இடம் இது. மேசையில் வைக்கும் ஃபேனின் இறக்கையைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் பாருங்கள், சாய்வு அதே பக்கம்தான் இருக்கும். அதனால் காற்றின் திசை மாறாது. மாறுவது இறக்கையின் குழிவு. குழிந்த பக்கம் தப்பான திசையில் நிற்பதால் காற்று குறையும், இரைச்சல் கூடும். கோளாறு கண்ணில் படாமலே வண்டி லேசாக ஹீட் ஆகிக்கொண்டிருக்கும். வாட்டர் பம்ப் மாற்றிய பிறகு ஹீட் ஆக ஆரம்பித்த வண்டி என்றால் இதை முதலில் பாருங்கள்.

உண்மையிலேயே திசை மாற வேண்டுமானால் எதிர்ச்சாய்வுள்ள வேறு ஃபேன் வேண்டும். பழைய மினி கார்களில் ரேடியேட்டர் பக்கவாட்டில் இருக்கும், ஃபேன் காற்றைச் சக்கரத்துப் பக்கம் வெளியே தள்ளும். ஆக, போல்ட் துளை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் வேறு வண்டியின் ஃபேனை மாட்டிவிடக் கூடாது.

இறக்கை அதிகமுள்ள பிளாஸ்டிக் ஃபேன் நல்லதா?

நல்ல மாற்றம்தான். எடை குறைவதால் பம்ப் பேரிங் நீடிக்கும், சத்தமும் குறையும். ஐட்லிங்கில் காற்று ஓரளவு கூடும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: சுற்றும் திசை, நடுத்துளை பம்ப் முனையில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்பது, ரேடியேட்டருக்கும் இறக்கைக்கும் நடுவே குறைந்தது ஒரு அங்குலம் மீதி இருக்கிறதா என்பது. ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின், பிரேக் பிடிக்கும்போது முன்னால் வரும். மவுண்ட் இற்றுப்போயிருந்தால் இன்னும் அதிகமாக வரும். நிற்கும்போது இடிக்காத ஃபேன் சடன் பிரேக்கில் கோரை அறுத்துவிடலாம். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் ஃபேனை மட்டும் வாங்காதீர்கள். சூட்டில் வருடக்கணக்காகக் காய்ந்த நைலான் அப்பளம் போல ஒடியும்.

வேகத்தில் இறக்கை தட்டையாகி வளைந்துகொடுக்கும் மெல்லிய எஃகு ஃபேன்களும் கிடைக்கின்றன. ஓயாமல் வளைந்து நிமிர்வதால் அவற்றில் விரிசல் சீக்கிரம் வரும். நம் வண்டிகளுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

விஸ்கஸ் ஃபேன்?

சிலிக்கான் எண்ணெய் வைத்து, சூடானால் இறுகும், குளிர்ந்தால் நழுவும் கிளட்ச் அது. பெரிய இன்ஜின்களுக்கு அருமையான ஏற்பாடு. 1100, 1500 சிசி இன்ஜினுக்கு அந்த எடையும் நீளமும் தேவையில்லை, பெரும்பாலும் இடமும் இருக்காது.

அப்படியானால் எலக்ட்ரிக் ஃபேன் யாருக்குத் தேவை?

நகர நெரிசலில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு. ஏசி பொருத்தியவருக்கு. கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி கொடுக்கிறவருக்கும் கட்டாயம் தேவை. மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நடை வேகத்தில் போவதைவிடக் கடுமையான சோதனை ஒரு பழைய இன்ஜினுக்குக் கிடையாது.

பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேனை மட்டுமே நம்புவதா, இரண்டையும் வைத்துக்கொள்வதா என்றால் நான் இரண்டையும் வைக்கச் சொல்வேன். சென்சாரோ வயரோ கைவிட்டால்கூட வீடு வந்து சேரலாம்.

என் வண்டியில் டைனமோ இருக்கிறது. எலக்ட்ரிக் ஃபேன் தாங்குமா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். கேட்காமலே ஃபேனை மாட்டிவிட்டு, மூன்றாம் மாதம் பேட்டரிக்காரரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

டைனமோ என்பது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர். இந்த வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர். அதுவும் நல்ல வேகத்தில் சுற்றும்போது. இரவில் மழையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் இரண்டுக்கும் ஏழு எட்டு ஆம்பியர், மற்ற சின்ன விளக்குகளுக்கு இரண்டு, இக்னிஷன் காயிலுக்கு மூன்று நான்கு, வைப்பருக்கு மூன்று. இதற்கே 16 ஆகிவிட்டது. 12 அங்குல எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று எட்டிலிருந்து பத்து ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இழுக்கும். கூட்டிப் பாருங்கள், 22 தாண்டிவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஐட்லிங்கில். அந்த வேகத்தில் டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுமினுப்பது அதனால்தான். எலக்ட்ரிக் ஃபேன் ஓட வேண்டிய நேரமும் சரியாக அதுவே! ஆக, ஃபேனின் முழுச் சுமையும் பேட்டரியின் தலையில் விழுகிறது. நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும்.

எனவே ஒழுங்கான வரிசை இது. முதலில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர், அதன் பிறகு ஃபேன். 35 ஆம்பியர் தரும் சின்ன ஆல்டர்னேட்டர்கூடப் போதும், ஏனென்றால் அது ஐட்லிங்கிலும் ஓரளவு தரும். பிராக்கெட்டை லேத்தில் செய்துகொள்ளலாம். டைனமோவையே வைத்திருக்க விரும்புகிறீர்களா? சரி, அப்போது ஃபேன் ஐந்தாறு ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. துணை ஃபேனாக மட்டும், தேவைப்பட்டபோது சுவிட்ச் போட்டு ஓட்டுங்கள். நிற்கும்போது ஐட்லிங்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் டைனமோவும் உயிர்பெறும்.

எத்தனை அங்குலம், எத்தனை சிஎஃப்எம் வாங்குவது?

சிஎஃப்எம் என்பது ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்று தள்ளுகிறது என்ற கணக்கு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பொதுவாக முன்னால் ஒரு தடையும் இல்லாத வெட்டவெளியில் அளந்தது. ரேடியேட்டர் கோர் வழியாக இழுக்கும்போது அது கணிசமாகக் குறையும். அதனால் நான் சிஎஃப்எம்மைப் பெரிதாக நம்புவதில்லை, ஆம்பியரைக் கேட்பேன். காற்றைத் தள்ளும் சக்தி மோட்டாருக்குள் போகும் கரண்டிலிருந்துதான் வர முடியும். நான்கு ஆம்பியர் மட்டும் இழுத்துக்கொண்டு 2000 சிஎஃப்எம் தருவதாகச் சொல்லும் ஃபேன் அதைத் தரவே முடியாது.

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் கோரின் அகலத்தில் அடங்குகிற அளவுக்குப் பெரிய ஒற்றை ஃபேன் போதும், வழக்கமாக 12 அங்குலம் பொருந்தும். இரண்டு சின்ன ஃபேனைவிட ஒரு பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றி அதே காற்றைத் தரும், சத்தமும் குறைவு. நேரான இறக்கை அதிகம் இழுக்கும், இரையும். அரிவாள் போல வளைந்த இறக்கை அமைதியாக இருக்கும், காற்று சற்றுக் குறையும்.

ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

இடம் இருந்தால் பின்னால் வைத்து இழுக்கவிடுங்கள். முன்னால் வைத்துத் தள்ளும் ஃபேன், வண்டி வேகமாகப் போகும்போது வருகிற காற்றுக்கு மறைப்பாக நிற்கும். ஆனால் பெல்ட் ஃபேனை வைத்துக்கொண்டு துணைக்கு இன்னொன்று என்றால் பின்னால் இடமிருக்காது. முன்னால்தான் வைத்தாக வேண்டும். முன்னால் வைப்பதென்றால் தள்ளுவதற்கென்றே செய்த இறக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஷ்ரவுட் அவசியமா?

ஃபேனைச் சுற்றியிருக்கும் தகட்டுக் கூண்டைத்தான் ஷ்ரவுட் என்கிறோம். என்னைக் கேட்டால் புது ஃபேனுக்குச் செலவழிப்பதற்கு முன்பே இதற்குச் செலவழிக்க வேண்டும். 16 அங்குலத்துக்கு 16 அங்குலம் உள்ள கோர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 256 சதுர அங்குலம். 12 அங்குல ஃபேனின் வட்டம் 113 சதுர அங்குலம். கூண்டு இல்லையென்றால் கோரில் பாதிகூட வேலை செய்வதில்லை. அதோடு, இறக்கையின் ஓரத்திலிருந்து சூடான காற்று சுற்றிக்கொண்டு திரும்பவும் முன்னால் வந்துவிடும்.

தகரக் கடையில் அலுமினியத் தகட்டில் மடித்து வாங்கலாம். பெல்ட் ஃபேனுக்குச் செய்வதென்றால் இறக்கையின் அகலத்தில் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியிலும் நிற்கட்டும். நுனிக்கும் கூண்டுக்கும் இடையே முக்கால் அங்குலமாவது விடுங்கள், இன்ஜின் ஆடும். ரேடியேட்டரோடு சேரும் விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டிவிட்டால் காற்று கசியாது, உராயவும் செய்யாது.

மாருதி 800-இன் ஃபேனைப் பொருத்தலாமா?

நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. மோட்டாரும் கூண்டும் சேர்ந்தே கிடைக்கும், உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழையது வாங்கினால் கடையிலேயே பேட்டரியில் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். ஆம்பியர் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நின்ற பிறகு இறக்கையை விரலால் மெல்லச் சுற்றினால் மணல் அரைப்பது போல உணர்ந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டார் தண்டு மேலும் கீழும் ஆடினாலும் வேண்டாம்.

பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன் போட முடியுமா?

முடியும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். ஃபேன் மோட்டாரின் பிளஸ் வயரைப் பாடிக்கும், மைனஸ் வயரை ஃபியூஸ் வழியாக வரும் கரண்டுக்கும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் மோட்டார் கெடாது, எதிர்ப்பக்கம் சுற்றும். அது இன்னும் மோசம், ஏனென்றால் ஃபேன் ஓடுவது காதில் கேட்கும், வண்டி மட்டும் கொதிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பத்மினியில் ஒரு கோடைகாலம் முழுக்க இப்படியே ஓடியிருக்கிறது. அதில் எர்த் சரிதான், கனெக்டரில் வயர் மாறியிருந்தது.

கண்டுபிடிக்க ஒரு செய்தித்தாள் பக்கம் போதும். ஃபேன் ஓடும்போது கிரில்லின் முன்னால் பிடியுங்கள். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கம் படபடத்தால் திசை தப்பு.

வயரிங் எப்படிச் செய்வது?

ரிலே இல்லாமல் செய்யவே கூடாது. சென்சாரும் டாஷ்போர்டு சுவிட்சும் ரிலேவை மட்டும் இயக்கட்டும், ஃபேனின் கரண்ட் 30 ஆம்பியர் ரிலே வழியாகப் போகட்டும். கரண்ட் எடுக்கும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், நீளம் அதிகமானால் 4. எர்த் வயரும் அதே கனத்தில் இருக்கட்டும். துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூவில் எர்த்தை முடிச்சுப் போட்டுவிட்டு, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டியில் கரண்டை எங்கிருந்து எடுப்பது என்பது முக்கியம். நேராகப் பேட்டரி முனையில் எடுத்தால், ஃபேனுக்குப் போகும் கரண்டும் மீட்டர் வழியாகப் பேட்டரிப் பக்கம் போவதால், பேட்டரி சார்ஜ் ஆவது போல முள் காட்டி ஏமாற்றும். மீட்டருக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டுப் பெட்டியோ ஆல்டர்னேட்டரோ இருக்கும் பக்கத்திலிருந்து எடுங்கள்.

சென்சாரை எங்கே வைப்பது, எத்தனை டிகிரிக்கு?

இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் வரும் பக்கத்தில், மேல் டேங்கில் ஒரு பித்தளை புஷ்ஷை ஈயம் வைத்து ஒட்டி, அதில் திருகு சென்சார் வைப்பது உறுதியானது. தெர்மோஸ்டாட் 82 டிகிரி என்றால் ஃபேன் 92-இலிருந்து 95-க்குள் ஓட ஆரம்பித்து, 87 வாக்கில் நிற்கட்டும். ஃபேன் நிற்கும் சூடு தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிடக் குறைவாக இருந்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. மேல் ஹோஸை அறுத்து இடையில் செருகும் உலோகத் துண்டில் சென்சார் வைப்பதும் எளிது. அதன் இருபுறமும் ரப்பர் இருப்பதால் அதற்குத் தனியாக எர்த் வயர் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

சென்சார் பொய் சொன்னால் சமாளிக்க டாஷ்போர்டின் அடியில் கைச்சுவிட்ச் ஒன்றும், ஃபேன் ஓடுவதைக் காட்டும் சின்ன விளக்கும் வையுங்கள்.

கோர் வழியாகக் குத்தி மாட்டும் பிளாஸ்டிக் ஊசிகள் கூடவே வருகின்றனவே?

அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். வண்டி அதிர அதிர அவை குழாயை உரசி ஓட்டை போட்டுவிடும். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்திலிருந்து இரண்டு பட்டைத் தகடு மேலும் கீழும் கொடுத்து அதில் மாட்டுங்கள்.

ஏசி போட்டால் என்ன செய்ய வேண்டும்?

ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்காரும். தன் சூட்டையும் சேர்த்து உள்ளே அனுப்பும். கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் முன்பக்க ஃபேனும் ஓடும்படி ரிலேவை இணைக்க வேண்டும், தண்ணீர்ச் சூட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆல்டர்னேட்டரும் பெரிதாக வேண்டும், டைனமோவை வைத்துக்கொண்டு இது நடக்காது.

மலைப்பாதைக்கு எது நல்லது?

இங்கே பெல்ட் ஃபேன் கெட்டிக்காரன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறும்போது வண்டி மெதுவாகப் போனாலும் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஃபேனும் கூடவே சுற்றும். எலக்ட்ரிக் ஃபேனை மட்டும் வைத்திருப்பவர்கள் ஏற்றம் ஆரம்பிக்கும் முன்பே கைச்சுவிட்சைப் போட்டுவிடலாம்.

உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும் என்பதையும் மனதில் வையுங்கள். 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 7 பவுண்டு மூடி (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி) சரியாக இருந்தால் கீழே சமவெளியில் சுமார் 111 டிகிரி வரை தாங்கும், ஊட்டியில் சுமார் 106 வரை. மூடி பழுதானால் இந்த இடைவெளி முழுவதும் போய்விடும். அதனால் மலைக்குப் போகும் முன் புது மூடி வாங்குங்கள். அது ஃபேனைவிட மலிவு.

எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் வண்டியின் அசல்தன்மை போய்விடாதா?

பாடியில் புதிதாகத் துளை போடாமல், பழைய ஃபேனையும் போல்ட்டுகளையும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் வைத்திருந்தால் ஒரே மதியத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். எலக்ட்ரிக் ஃபேன் என்பது பழைய வண்டிகளுக்கே அந்நியமான பொருளும் இல்லை. 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் தொழிற்சாலையிலிருந்தே எலக்ட்ரிக் ஃபேனோடுதான் வெளியே வந்தது. என்னைப் பொறுத்தவரை, கண்காட்சியில் மதிப்பெண்ணுக்காகக் கொதிக்கவிட்டு ஹெட் வளைந்துபோன வண்டியைவிட, கிரில்லுக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஃபேன் ஒளிந்திருந்து தினமும் ஓடுகிற வண்டி மேலானது.

நடுரோட்டில் முள் ஏறிக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

இன்னும் கொதிக்கவில்லை என்றால் இன்ஜினை நிறுத்த வேண்டாம். கியரை நியூட்ரலில் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி 1500 சுற்றில் வையுங்கள். ஃபேனும் பம்பும் இரு மடங்கு வேகத்தில் சுற்றும், ஒன்றிரண்டு நிமிடத்தில் முள் இறங்கும். ஏசியை அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள்.

ஆவி கிளம்பிவிட்டதா? ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கிவிட்டு நகர்ந்து நில்லுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம், கையை உள்ளே விடாதீர்கள். மூடியைத் திறக்காதீர்கள், ஈரத்துணி போட்டும் திறக்காதீர்கள். அரை மணி நேரமாவது போகட்டும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று அமுங்க வேண்டும், கல் மாதிரி இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. அமுங்கினால் மூடியை முதல் பல் வரை மட்டும் திருப்பி, ‘உஸ்’ சத்தம் அடங்கும்வரை பொறுத்து, பிறகு எடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டுக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடான பிளாக்கில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை மடமடவென்று கவிழ்த்தால் இரும்பு விரிசல் விட்டுவிடும்.